பைபாஸ் முடிந்து ஐந்தாவது வாரம்: மறுபடி ஏறிய ரத்த அழுத்தம்

தென்மாவட்டச் சிறு நகரங்களில் பொது மருத்துவம் பார்ப்பவர்களிடம் பைபாஸ் முடிந்தவர்கள் வருவது இப்போது அன்றாட விஷயம். ஆபரேஷன் மதுரையிலோ சென்னையிலோ நடக்கும். தையல் காய்ந்ததும் ஆள் ஊர் திரும்பிவிடுவார். அதற்கப்புறம் பி.பி., சுகர், மூச்சு, தூக்கம், மலச்சிக்கல் எல்லாம் பக்கத்துத் தெரு டாக்டரின் பொறுப்பு. 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் நாட்டின் முதல் பைபாஸைச் செய்தபோது அது செய்தித்தாள் சேதி. இன்று தெருவுக்கு ஒருவர் நெஞ்சில் அந்தத் தழும்போடு நடக்கிறார். ஆபரேஷன் தேறிவிட்டது, அதற்குப் பிந்தைய மூன்று மாதம்தான் இன்னும் தேறவில்லை. இதை எழுதக் காரணம் அதுதான்.

கீழே வருபவர் ஒரே ஆள் அல்ல. ஒரே மாதிரிச் சிக்கலோடு வந்த பலரைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன், எண்களும் அப்படித்தான். எந்த வீட்டையும் எந்த மருத்துவமனையையும் இது சுட்டாது. மளிகைக் கடை வைத்திருப்பவர் என்பதால் எங்கள் பக்க வழக்கப்படி அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறேன்.

முன்கதை

அண்ணாச்சிக்கு வயது 61. சுகர் பன்னிரண்டு ஆண்டுகளாக, பி.பி. ஒன்பது ஆண்டுகளாக. காலையில் டெல்மிசார்டன் 40, இரவில் அம்லோடிபின் 5, சுகருக்கு மெட்ஃபார்மின். அம்லோடிபினை மட்டும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். டெல்மிசார்டனைக் கடையில் வாங்குவார். பி.பி. 136/84 அளவில் நின்றது. சுகர் உள்ளவருக்கு அது கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் கட்டுக்குள் என்றே எல்லோரும் விட்டிருந்தார்கள்.

நடந்தால் நெஞ்சு அடைப்பது போல இருக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று வந்தார். ஆஞ்சியோவில் மூன்று ரத்தக் குழாய்களிலும் அடைப்பு. சுகரும் இருந்து மூன்று குழாயும் அடைத்திருந்தால் ஸ்டென்ட்டைவிட (குழாய்க்குள் வைக்கும் வலைக் கம்பி) பைபாஸ் நீண்ட காலத்துக்கு நல்லது என்பது இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். மூன்று ஒட்டுகள், அதாவது அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மூன்று மாற்றுக் குழாய்கள், போட்டார்கள். நெஞ்சுக்குள் இடப்பக்கம் ஓடும் மார்புத் தமனியை இதயத்தின் முன்பக்கக் குழாய்க்கு இணைத்தார்கள். மற்ற இரண்டுக்கும் இடது காலில் இருந்து சிரை எடுத்தார்கள். இதயம் சுருங்கும் திறன் எக்கோவில் 52 சதவீதம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.1. நல்ல நிலையில் மேசைக்குப் போனவர் என்றே சொல்ல வேண்டும்.

ஐசியூவில் ஏறியதும் வார்டில் இறங்கியதும்

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஐசியூ பற்றி இரண்டே வரிகள். முதல் சில மணி நேரம் பி.பி. 170ஐத் தாண்டியது, நைட்ரோகிளிசரின் சொட்டு மருந்து ஏற்றி இறக்கினார்கள். குடும்பத்துக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் பயந்திருப்பார்கள். ஆனால் பைபாஸ் முடித்தவர்களில் கணிசமான பேருக்கு இப்படித்தான் ஆகும். ஆபரேஷனில் குளிர்ந்த உடம்பு மறுபடி சூடேறும்போது நடுக்கம் வரும். மயக்கம் தெளியத் தெளிய வலி தெரியும், தொண்டையில் குழாய் உறுத்தும். உடம்பு அட்ரினலினைக் கொட்டும், குழாய்கள் இறுகும். சில சமயம் காரணம் வெறும் சிறுநீர்ப்பை நிறைந்திருப்பதுதான்; போட்டிருக்கும் சிறுநீர் டியூபின் அடைப்பை நீக்கினால் பி.பி. தானே இறங்கும்.

அந்த நேரத்தில் அவசரம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. பெருந்தமனியிலும் இதயத்தின் மேலும் தலைமுடி அளவே மெல்லிய நூலால் போட்ட தையல்கள் அப்போதுதான் ரத்தத்தின் வேகத்தைத் தாங்கத் தொடங்கியிருக்கும். பி.பி. ஏறினால் அங்கே கசியும். ஒரேயடியாக இறக்கினாலோ புது ஒட்டுகளுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போதாது. அதனால்தான் நிமிடக்கணக்கில் கூட்டிக் குறைக்கக்கூடிய சொட்டு மருந்து. மாத்திரை அந்த இடத்துக்கு உதவாது. வலி மருந்தும் போர்வையும் பாதி வேலையைச் செய்துவிடும்.

இரண்டாம் நாளே கதை தலைகீழ். பி.பி. 104/66. கிரியேட்டினின் 1.5க்கு ஏறியது. டெல்மிசார்டன், அம்லோடிபின் இரண்டையும் நிறுத்தினார்கள். மெட்டோப்ரோலால் 25 காலை, இரவு தொடங்கினார்கள். அது பி.பி.க்காக மட்டும் அல்ல. ஆபரேஷன் முடிந்த இரண்டு முதல் நான்காம் நாட்களில் இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பலருக்கும் வரும், அதைக் குறைப்பதற்காகவும்தான். உடம்பில் தேங்கிய நீருக்கு ஃப்யூரோசமைடு பத்து நாளைக்கு. எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது 112/70, எடை 66 கிலோ. சம்மரியின் கடைசியில் ஒரு வரி: பழைய மாத்திரைகளை நிறுத்தவும்.

இதில் எதுவும் தவறு இல்லை. சுருங்கு திறன் நன்றாக இருப்பவர்களுக்கு பைபாஸ் முடிந்த முதல் வாரத்திலேயே குயினாப்ரில் கொடுத்துப் பார்த்த இமேஜின் என்ற ஆய்வு 2008இல் வெளியானது. டெல்மிசார்டனுக்கு நெருங்கிய குடும்பத்து மருந்து அது. 2,500க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். பயன் தெரியவில்லை, முதல் மூன்று மாதங்களில் மருந்து எடுத்த பக்கம்தான் தொந்தரவுகள் கூடுதல். ஆகவே அந்த வாரத்தில் நிறுத்தி வைத்தது சரி. ஆனால் நிறுத்தச் சொன்ன தாளில், எப்போது திரும்பத் தொடங்குவது, யார் தொடங்குவது என்று எழுத இடமே இல்லை. அறுவை மருத்துவர் இதய மருத்துவர் பார்ப்பார் என்று நினைக்கிறார். இதய மருத்துவர் ஊர் டாக்டர் பார்ப்பார் என்று நினைக்கிறார். ஊர் டாக்டர், பெரிய ஆஸ்பத்திரியில் நிறுத்தியதை நாம் எப்படித் தொடங்குவது என்று தயங்குகிறார். அண்ணாச்சி தாளில் இருப்பதை அப்படியே செய்தார். தன்னார்வலர் மாதாமாதம் கொடுத்த அம்லோடிபின் அட்டைகள் ஃபிரிட்ஜின் மேல் அடுக்காகச் சேர்ந்துகொண்டிருந்தன.

ஐந்தாவது வாரம்

இரண்டாம் வார மறுபரிசோதனையில் 118/74. எல்லோருக்கும் திருப்தி. ஐந்தாவது வாரம் ஒரு சாயங்காலம் தலை கனக்கிறது என்றார். பக்கத்து வீட்டு மிஷினை வாங்கி வந்து பார்த்தார்கள்: 178/102. மூத்த மகன் மறுபடி பார்த்தான்: 184/100. இன்னொரு முறை: 190/106. பார்க்கப் பார்க்க ஏறியது. நெஞ்சு வலிக்காக வைத்திருந்த, நாக்குக்கு அடியில் வைக்கும் ஐசோசார்பைடு மாத்திரையை வைத்துவிடலாமா என்று மகன் போனில் கேட்டான். வேண்டாம் என்றேன். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ இல்லாத ஒருவருக்கு எண்ணை மட்டும் பார்த்து நாக்குக்கு அடியில் எதையாவது வைத்து மடமடவென்று இறக்குவது ஆபத்து. நிஃபெடிபின் கேப்சூலைக் கடித்து நாக்குக்கு அடியில் வைக்கும் பழக்கம் முன்பு நம் ஊரில் வெகு சகஜம். அப்படித் திடீரென்று இறக்கியதில் பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால் 1990களிலேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். கைவிடாத இடங்கள் இன்னும் உண்டு.

மறுநாள் காலை வந்தார்கள். வந்ததும் பார்க்கவில்லை. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, முதுகு சாய, கால் தரையில் பதிய உட்கார வைத்து, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, ஐந்து நிமிடம் யாரும் பேச வேண்டாம் என்றோம். இந்த ஐந்து நிமிட மௌனம்தான் நம் கிளினிக்குகளில் மிகக் கடினமான சிகிச்சை. மகனால் இரண்டு நிமிடம்கூட இருக்க முடியவில்லை, வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று.

வலது கை 164/94, இடது கை 160/92. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் 152/90, மூன்றாம் நிமிடத்தில் 154/90. நாடி 66, சீராக.

இரண்டு கையிலும் பார்த்ததற்குக் காரணம் உண்டு. இடது மார்புத் தமனி, இடது கைக்குப் போகும் பெரிய குழாயிலிருந்துதான் கிளைக்கிறது. அந்தக் குழாயில் அடைப்பு இருந்தால் இடது கையில் பி.பி. குறைவாகக் காட்டும். அந்தக் கையில் மட்டும் பார்த்தால் உண்மையான பி.பி. தெரியாமல் போகும், அதைவிட மோசம், போட்ட ஒட்டுக்கே ரத்தம் குறையலாம். இரு கைக்கும் வித்தியாசம் 15க்கு மேல் போனால் விசாரிக்க வேண்டும். அண்ணாச்சிக்கு 4தான். இனி வலது கையிலேயே பார்ப்பது என்று நோட்டில் எழுதிக் கொடுத்தோம். முன்கையில் இருந்து தமனி எடுத்து ஒட்டு போட்டவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. எந்தக் கை என்று ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பக்கத்து வீட்டு மிஷினையும் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். அதன் பட்டை அந்த வீட்டுப் பெண்ணின் மெலிந்த கைக்கு வாங்கியது. அண்ணாச்சியின் கையில் சுற்றினால் ஒட்டும் பகுதி விளிம்பில்தான் பிடித்தது. சிறிய பட்டை எப்போதும் கூட்டித்தான் காட்டும். அதே நிமிடத்தில் அது 176 காட்டியது, எங்கள் பெரிய பட்டை 162. ஆக, முந்தின நாளின் 190இல் ஒரு பங்கு பட்டை, ஒரு பங்கு பயம். ஆனால் மீதி நிஜம்.

பையைக் கொட்டியபோது

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் பொடியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று சொல்வது என் வழக்கம். சீட்டைப் பார்ப்பதைவிட இதில் அதிகம் தெரியும். அண்ணாச்சியின் பை, அவர் கடையிலேயே கொடுக்கும் மஞ்சள் துணிப்பை. மேசையில் கொட்டினோம். சம்மரியில் உள்ள ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின், மெட்டோப்ரோலால், மெட்ஃபார்மின், பான்டோப்ரசோல் எல்லாம் ஒழுங்காக வெட்டப்பட்ட அட்டைகளாக இருந்தன. எண்ணிப் பார்த்தால் ஒன்றுகூட விடுபடவில்லை.

அவற்றுக்கு அடியில் டைக்ளோஃபினாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்த வலி மாத்திரை, பாதி தீர்ந்த அட்டை. நெஞ்செலும்பு சேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை இருமினால் வலிக்கும், புரண்டு படுத்தால் வலிக்கும், தோள்பட்டை இழுத்துப் பிடிக்கும். மருந்துக் கடையில் கேட்டிருக்கிறார்கள், கொடுத்திருக்கிறார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று, இரண்டு வாரமாக. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும், பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தை வாட்டும், வயிற்றைப் புண்ணாக்கும். ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது அந்தப் புண் ரத்தம் கசியவும் வைக்கும். பைபாஸை ஒட்டிய நாட்களின் வலிக்கு இவை கூடாது என்று அமெரிக்காவில் இந்த மாத்திரைகளின் சீட்டிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கிறார்கள். நம் மருந்துக் கடையில் அதை யாரும் வாசித்துக் காட்டப்போவதில்லை.

அடுத்து கேஸ் பொடி. பைபாஸ் முடிந்த தமிழரிடம் என்ன தொந்தரவு என்று கேட்டால் பத்தில் ஏழு பேர் முதலில் சொல்வது கேஸ் என்பதைத்தான் (இது என் அனுமானம், ஆய்வு அல்ல). நுரைக்கும் பொடியைத் தண்ணீரில் கலக்கி தினமும் ஒரு பொட்டலம். நுரைப்பது சோடா உப்பு. ஒரு பொட்டலத்தில் கால் டீஸ்பூனுக்குக் குறையாத சாப்பாட்டு உப்பில் இருக்கும் சோடியம் இருக்கிறது. நுரைத்துக் கரையும் பாரசிட்டமாலும் இதே ரகம்தான். மாத்திரை சாதாரண வெள்ளை மாத்திரையாக இருக்கட்டும்.

மூன்றாவதாக, பையில் இல்லாத ஒன்றை அண்ணாச்சியின் மனைவி சொன்னார்.

“இவுகளுக்கு வாய்க்கு ஒண்ணுமே பிடிக்கல டாக்டர். ஆஸ்பத்திரியில உப்பில்லாமக் குடுத்துக் குடுத்து வெறுத்துப் போச்சு. அதான் இப்போ இந்துப்பு போட்டுச் சமைக்கேன். அதுல பி.பி. ஏறாதுன்னு சொன்னாக.”

“எவ்வளவு போடுறீங்கம்மா?”

“சாதா உப்பைவிட அதுக்கு உறைப்புக் கம்மி. அதனால கொஞ்சம் கூடத்தான் போடுவேன்.”

இந்துப்பும் கடல் உப்பும் வேதியியலில் ஏறக்குறைய ஒன்றே, சோடியம் குளோரைடு. நிறம் வேறு, விலை வேறு. ரத்தக் குழாய்க்கு வித்தியாசம் தெரியாது. நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், எல்லா உணவிலும் சேர்த்து என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, கடை மிக்சர் எல்லாம் அடக்கம். அண்ணாச்சி கடை வைத்திருப்பவர்; மிக்சர் பாக்கெட் கைக்கெட்டும் தூரத்தில்.

இன்னும் சிலவற்றைக் கேட்டோம். சளிக்கு மூக்கடைப்பு நீக்கும் மருந்து சேர்ந்த மாத்திரை? இல்லை. அதிமதுரம்? ஆபரேஷனில் தொண்டைக் குழாய் போட்டவர்களுக்கு வீட்டில் அதிமதுரம் மெல்லக் கொடுப்பது நம்மிடம் சாதாரணம். ஒருநாள் இரண்டுநாள் சரி, தினமும் வாரக்கணக்கில் போனால் அதிமதுரம் பி.பி.யை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். அண்ணாச்சி வீட்டில் அது இல்லை. குறட்டை உண்டா என்றேன். மனைவி சிரித்ததிலேயே பதில் தெரிந்தது. தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு அடங்காத பி.பி.க்கு ஒரு காரணம். மூன்று மாதம் முடிந்ததும் அதற்கான பரிசோதனை என்று குறித்துக்கொண்டோம்.

எடை 69.5. இது வெறும் பசி திரும்பியதாலா, நீர் தேங்கியதாலா என்று பார்க்க வேண்டும். இடது காலில் மட்டும் வீக்கம், அதுவும் தழும்பை ஒட்டி. சிரை எடுத்த கால் சில மாதங்கள் வீங்கத்தான் செய்யும், காலை உயர்த்தி வைத்தால் வடியும். கெண்டைக்காலைத் தொட்டால் வலி, சூடு எதுவும் இல்லை. இரண்டு காலும் ஒன்றாக வீங்கினால்தான் இதயமோ சிறுநீரகமோ அம்லோடிபினோ என்று சந்தேகிப்பது. நெஞ்சில் இரைச்சல் இல்லை, படுத்தால் மூச்சு முட்டவில்லை, தலையணை ஒன்று போதும் என்றார். ஈசிஜி ஆஸ்பத்திரியில் எடுத்ததைப் போலவே. எக்கோவில் சுருங்கு திறன் 55, இதயத்தைச் சுற்றி நீர் இல்லை. கிரியேட்டினின் 1.2, பொட்டாசியம் 4.4, ஹீமோகுளோபின் 10.6. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கொஞ்சம்.

ஏன் ஐந்தாவது வாரம்

ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் பி.பி. குறைவாக இருப்பது ஒரு வகைப் பொய்க் குறைவு. ரத்தம் இழந்திருக்கிறார், சாப்பாடு இறங்கவில்லை, உப்பு இல்லாத உணவு, படுக்கை, சிறுநீர் போக்கும் மாத்திரை, கூடவே மெட்டோப்ரோலால். ஒன்பது ஆண்டுப் பழைய வியாதி எங்கேயும் போகவில்லை, இவற்றின் கீழே கிடந்தது. பிறகு ஃப்யூரோசமைடு முடிந்தது, பசி எடுத்தது, ரத்தம் ஊறியது, நடை கூடியது. பழைய பி.பி. தன் இடத்துக்குத் திரும்பியது. அதற்கான இரண்டு பழைய மாத்திரைகள் இல்லை. மேலே வலி மாத்திரையும் சோடா உப்பும் இந்துப்பும். இதில் புது நோய் ஒன்றும் இல்லை. ஆனால் குடும்பம் கேட்டது, “ஆபரேஷன் சரியா நடக்கலியோ டாக்டர்?” என்றுதான். ஒட்டுகள் அடைத்தால் பெரும்பாலும் நெஞ்சு வலிக்கும், ஈசிஜி மாறும், இதயச் சுவர் அசைவு குறையும், பி.பி. மட்டும் ஏறாது என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. இதைச் சொன்னபிறகே அண்ணாச்சியின் தோள் தளர்ந்தது.

ஏன் விட்டுவிடக் கூடாது என்பதற்கும் காரணம் வேண்டுமல்லவா. பெருந்தமனியின் அழுத்தம் முழுவதும் அந்தக் கால் சிரைகள் மீது விழுகிறது. சிரை பிறந்தது குறைந்த அழுத்தத்துக்கு. தெருக்குழாய்க்கு வாங்கிய ரப்பர் டியூபை மோட்டாரில் மாட்டியது போலத்தான் அது வேலை செய்கிறது. நாளடைவில் சுவர் தடித்து அடைக்கும்; உயர் அழுத்தமும் கொழுப்பும் புகையும் அந்த நாளை முன்னுக்கு இழுக்கும். தவிர, ரத்தத்தை இளக்கும் இரண்டு மாத்திரைகள் உள்ளே இருக்கும்போது 180, 190 என்று நிற்பது மூளைக்குள் கசிவுக்கு வழி.

என்ன செய்தோம்

முதலில் எடுத்ததெல்லாம் கழித்தல்தான். டைக்ளோஃபினாக் நின்றது. வலிக்கு சாதா பாரசிட்டமால் 650, தேவைக்கு, நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். இருமும்போது நெஞ்சோடு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொன்னோம். அது பாதி மாத்திரைக்குச் சமம். கேஸ் பொடி நின்றது. கேஸ் என்று அவர் சொன்னதில் பாதி மலச்சிக்கல், அதற்குத் தனியாக மருந்து. இந்துப்பைக் குப்பையில் போட வேண்டாம், சாதா உப்பு போடும் அளவில் பாதியைப் போடுங்கள் என்றோம். புளி, எலுமிச்சை, மிளகு, பூண்டு, கொத்தமல்லி இருந்தால் உப்புக் குறைவது ஒரு வாரத்துக்குத்தான் தெரியும். சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு இப்போது கடைகளில் கிடைக்கிறது. பலருக்கு அது நல்லதுதான், ஆனால் டெல்மிசார்டன் எடுப்பவருக்கு, சிறுநீரகம் அண்மையில் சுணங்கியவருக்கு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும் அபாயம் உண்டு. அண்ணாச்சிக்கு அது வேண்டாம் என்றோம். அவர் கடையிலேயே அதை விற்கிறார், எனவே கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம் கூட்டல். கிரியேட்டினின் 1.2க்கு இறங்கியதை உறுதி செய்துகொண்டு, அவரது இதய மருத்துவரிடம் போனில் பேசி, டெல்மிசார்டன் 40 மறுபடி தொடங்கினோம். சுகர் இருக்கிறது, சிறுநீரில் அல்புமின் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் முதல் தேர்வு அந்தக் குடும்பம்தான். மெட்டோப்ரோலாலைக் கூட்டலாமே என்று கேட்கலாம். நாடி 66இல் இருப்பவருக்கு அதைக் கூட்டினால் நாடிதான் குறையும், பி.பி. அவ்வளவாக இறங்காது. அதைத் தொடர்ந்தோம், அவ்வளவே. திடீரென்று அதை நிறுத்தவும் கூடாது, துடிப்பு எகிறும்.

பழைய இரண்டையும் அன்றே தொடங்காதது வேண்டுமென்றேதான். வலி மாத்திரையின் பாதிப்பு ஒரு வாரத்தில் வடியும், உப்புக் குறைந்ததும் சேர்ந்துகொள்ளும். அதோடு இரண்டு மாத்திரையும் சேர்ந்தால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழலாம். புதிதாகச் சேர்ந்த நெஞ்செலும்போடு விழுவது நல்லதல்ல. இந்தப் பொறுமை குடும்பத்துக்குப் பிடிக்கவில்லை. “ஒரேயடியா நல்ல மாத்திரையாக் குடுத்துருங்களேன்” என்றான் மகன்.

வீட்டில் பார்க்க, மேல்கையில் சுற்றும், பெரிய பட்டை உள்ள மிஷின் ஒன்றை வாங்கச் சொன்னோம். காலையில் மாத்திரைக்கு முன், சாயங்காலம் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு. ஏழு நாள் பார்த்து, முதல் நாளை விட்டு மீதிக்குச் சராசரி. மற்ற நேரம் மிஷின் பீரோவுக்குள். பார்க்கப் பார்க்க ஏறும் என்பது அவர்களுக்கே தெரிந்துவிட்டதால் இதில் தகராறு இல்லை. வீட்டில் எடுக்கும் சராசரி 135/85 என்றால் அது கிளினிக்கின் 140/90க்குச் சமம். நாங்கள் எட்ட நினைத்தது 130/80க்குக் கீழ்.

பத்து நாள் கழித்து வந்தார். கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், வரவு செலவு போல இரண்டு பத்தி கோடு போட்டு, தேதியோடு எழுதியிருந்தார். 140ஐத் தாண்டியவற்றுக்கு மட்டும் சிவப்பு மை, பாக்கி வைத்தவர் பெயருக்குப் போடுவது போல. சராசரி 143/84. கிரியேட்டினின் 1.3, பொட்டாசியம் 4.8. டெல்மிசார்டன் தொடங்கியபின் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததுதான். முப்பது சதவீதத்துக்குள் என்றால் நிறுத்தத் தேவையில்லை. பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால்தான் கவலை. அதற்காக இளநீரையும் வாழைப்பழத்தையும் அளவோடு வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

ஏழாவது வாரம் அம்லோடிபினைச் சேர்த்தோம், முதலில் 2.5, பிறகு 5. ஃபிரிட்ஜின் மேல் இருந்த அட்டைகள் பயன்பட்டன. காலாவதித் தேதி பார்த்துத்தான். காலையிலா இரவிலா என்று கேட்டார். பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய டைம் என்ற ஆய்வு 2022இல் வெளிவந்தது, பி.பி. மாத்திரையைக் காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் இல்லை என்று அது காட்டியது. மறக்காத நேரத்தில் போடுங்கள் என்றேன். அவர் இரவு கடை அடைத்ததும் என்று வைத்துக்கொண்டார். தன்னார்வலருக்கும் தகவல் சொன்னோம்: இப்போது என்னென்ன ஓடுகிறது என்று ஒரு சீட்டு. இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒருபக்கம், திட்டத்து மாத்திரை ஒருபக்கம் என்று இரட்டிப்பாகிவிடும். இப்படி ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குபவர்களையும் பார்க்கிறோம்.

பத்தாவது வாரம் வீட்டுச் சராசரி 127/76. நின்று பார்த்தால் 122/74, தலை சுற்றல் இல்லை. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி சமதரையில் நடக்கிறார். எடை 68. நடையும் எடையும் தனியாகவே பி.பி.யை இரண்டு மூன்று புள்ளி இறக்கும். மாத்திரையைப் போல உடனே தெரியாது என்பதால் யாரும் அதற்கு மரியாதை கொடுப்பதில்லை. பன்னிரண்டாவது வாரம் இரண்டு கணுக்காலிலும் லேசான வீக்கம் என்றார். இந்த முறை இரண்டிலும். மூச்சு நன்றாக இருக்கிறது, எடை ஏறவில்லை, ஆகவே அம்லோடிபின்தான். 2.5க்குக் குறைத்து டெல்மிசார்டனை 80க்குக் கூட்டினோம். பத்து நாளில் மறுபடி ரத்தப் பரிசோதனை: கிரியேட்டினின் 1.3, பொட்டாசியம் 4.9. கணுக்கால் வடிந்தது, பி.பி. 128/78.

இந்த எண்களும் அளவுகளும் ஒருவருக்கு, அவரது சிறுநீரகத்தையும் நாடியையும் பார்த்து முடிவானவை. இதை வாசித்து வீட்டில் யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆனால் பைபாஸ் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும் அன்று, கவுன்டரில் பில் கட்டும் அவசரத்தில் இருந்தாலும், மூன்றே விஷயம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்: நிறுத்திய மாத்திரைகள் எவை, எத்தனை பி.பி. வந்தால் யாரிடம் காட்ட வேண்டும், வலிக்கு எந்த மாத்திரை போடலாம். அண்ணாச்சியின் சம்மரியை எங்கள் கிளினிக்கில் நகலெடுத்து, நிறுத்தியதை எப்போது, யார் திரும்பத் தொடங்குவது என்ற விடுபட்ட வரியைக் கீழே எழுதி, முடிவான மருந்துப் பட்டியலோடு ஆபரேஷன் நடந்த பிரிவுக்கு அனுப்பினோம். பதில் வந்தது, பட்டியலை அவர்கள் கோப்பிலும் மாற்றிவிட்டார்கள்.

பாக்கி இருப்பது குறட்டைக்கான பரிசோதனை. அண்ணாச்சி இரண்டுமுறை தள்ளிப் போட்டுவிட்டார், தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்கிறார். க்ளோபிடோக்ரெலை எப்போது நிறுத்துவது என்று இதய மருத்துவர் ஓராண்டு முடிவில் சொல்வார். சுகர் மாத்திரைகளில் எம்பாக்ளிஃப்ளோசின் வகையைச் சேர்ப்பது பற்றியும் பேச்சு நடக்கிறது, சேர்த்தால் பி.பி. இன்னும் கொஞ்சம் இறங்கும், அப்போது அம்லோடிபினைக் கழற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும்.